பட்டத்துக்குப் பின் வரும் ஆசான்

கடலூரிலிருந்து விருத்தாசலம் செல்லும் இரயில் பாதையில் வடலூருக்கு முன்னதாக வரும் குறிஞ்சிப்பாடி, கைத்தறிக் கைலிக்குப் பெயர் பெற்ற ஊர். சுற்றிலும் நெல்வயலும் முந்திரித் தோப்பும் சூழ்ந்திருக்க, சற்று அப்பால், 1957-ஆம் ஆண்டில் ஜவஹர்லால் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்த பிறகு ஒரு தலைமுறைக்குள்ளேயே நகரமாகிவிட்ட நெய்வேலியும் இருப்பதால், உழவும் நெசவும் சுரங்கத் தொழிலும், அத்தொழில்கள் தருகிற பிணிகளும் இவ்வட்டாரத்தில் அருகருகே வாழ்கின்றன. தறியில் நாள் முழுதும் உட்கார்ந்து இடுப்புப் பிடித்துப் போனவர், முந்திரிக்கொட்டையின் எண்ணெய் பட்டுக் கைத்தோல் வெந்த பெண்கள், வயலுக்கு மருந்தடித்துவிட்டு வரப்பிலேயே மயங்கி விழுந்தவர், தோப்பில் சருகு கூட்டும்போது பாம்பு தீண்டியவர் ஆகிய இவர்களெல்லாம் முதன்முதலில் வந்து நிற்பது எந்த நிபுணரின் முன்னிலையிலும் அன்று. பெரும்பாலும் பட்டம் பெற்று ஓரிரண்டு ஆண்டுகளே ஆன ஓர் இளம் மருத்துவரின் முன்னிலையில்தான்.

அந்த இளம் மருத்துவர் நாலரை ஆண்டுகள் படித்து, ஓராண்டு ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்றியவர். கல்லூரி மருத்துவமனையில் அவருக்கு மேலே முதுநிலை மாணவர் ஒருவர் இருந்தார்; அவருக்கு மேலே உதவிப் பேராசிரியர்; எல்லாருக்கும் மேலே ‘சீஃப்’ என்று பயபக்தியோடு அழைக்கப்படுகிற யூனிட் தலைவர். நள்ளிரவில் ஐயம் எழுந்தால் எழுப்பிக் கேட்க ஆள் இருந்தது. ஆனால் நியமன உத்தரவைக் கையில் வாங்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்து சேர்ந்த அன்றே அந்த ஏணி முழுவதும் அவருடைய காலடியிலிருந்து எடுக்கப்பட்டுவிடுகிறது. நேற்று வரை கையெழுத்துப் போட அதிகாரம் இல்லாதிருந்தவர், இன்று ஒரு கிராமக் கூட்டத்துக்கே கடைசிச் சொல் சொல்ல வேண்டியவராகிறார். கல்வி முடிந்துவிட்டது என்று பல்கலைக்கழகம் அறிவித்த அதே கணத்தில், உண்மையான கல்வி தொடங்குகிற அதே கணத்தில், ஆசான் இல்லாமற் போகிற இவ்விபரீதத்தை நம் மருத்துவக் கல்வித் துறை போதிய அளவு சிந்தித்ததாகத் தோன்றவில்லை.

அனுபவமே சிறந்த ஆசான் என்பார்கள். அதை நான் முழுமையாக ஒப்புக்கொள்வதற்கில்லை. ஓர் உதாரணம் கூறுகிறேன். மழைக்காலத்தில் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த ஒருவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று வருகிறார். காயம் ஏதும் கண்ணுக்குத் தெரியவில்லை. பாம்பைப் பார்த்ததாக அவரும் சொல்லவில்லை. கட்டுவிரியன் இரவில் தீண்டுவது. அதன் பற்குறி பெரும்பாலும் புலப்படாது. வலியும் அதிகம் இராது. முதலில் வயிற்று வலியும், பின்னர் இமை தாழ்தலும், அதன் பின் மூச்சுத் தசைகளின் செயலிழப்புமாக அந்நஞ்சு வேலை செய்யும். கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை கண்ணாடி விரியன் கடிக்குத்தான் பயன்படுமேயொழிய, கட்டுவிரியன் கடியில் இரத்தம் வழக்கம் போலவே உறைந்து மருத்துவரை ஏமாற்றிவிடும். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது; மாணவரும் படித்திருக்கிறார். எனினும், புறநோயாளிகள் வரிசை வாசலைத் தாண்டி நிற்கும் ஒரு திங்கட்கிழமைக் காலையில், அஜீரணத்துக்கு ஊசி போட்டு அனுப்பப்பட்ட அந்த நோயாளி மாலையில் வேறோர் ஆஸ்பத்திரிக்குச் சென்று செயற்கைச் சுவாசத்தில் வைக்கப்பட்டார் என்றால், அச்செய்தி முதல் மருத்துவரின் காதுக்கு எட்டுவதே இல்லை. அவருடைய நினைவில் அன்று காலை ஒரு வயிற்று வலி குணமாயிற்று என்பதே பதிவாகிறது. அனுபவம் கிடைத்தது, பாடம் கிடைக்கவில்லை. இப்படியே இருபது ஆண்டு கழிந்தால் அதற்கு ‘இருபது ஆண்டு அனுபவம்’ என்று பெயரிட்டு மரியாதை செய்கிறோம்.

கடுமையான நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவதிலும் இதே குறை உண்டு. குறிஞ்சிப்பாடியிலிருந்து கடலூர் தலைமை மருத்துவமனைக்கும், அங்கிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கும், அல்லது தெற்கே சிதம்பரத்துக்கும் நாள்தோறும் ஆம்புலன்ஸ்கள் ஓடுகின்றன. அனுப்புவது தவறென்று கூறவில்லை. அனுப்ப வேண்டியவரை அனுப்பியே தீர வேண்டும். ஆனால் அனுப்பப்பட்டவருக்கு என்னவாயிற்று, நாம் எழுதிய நோய்நிர்ணயம் சரிதானா, முன்னதாகவே ஏதேனும் செய்திருக்கலாமா என்பவற்றுக்கு விடை கொண்டுவரும் ஒரு துண்டுச் சீட்டு கூடத் திரும்பி வருவதில்லை. கதையின் முதற்பக்கத்தை மட்டுமே ஆயிரம் முறை வாசிக்கிற வாசகனாக அந்த இளம் மருத்துவர் ஆக்கப்பட்டுவிடுகிறார்.

அனுபவம் பாடமாக வேண்டுமானால், நிகழ்ந்ததைத் திரும்ப எடுத்து நிறுத்திப் பார்க்க வேண்டும். அந்தச் சிந்தனைக்கு மேல்நாட்டில் ஒரு சாஸ்திரமே வளர்ந்திருக்கிறது. அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி 1910-இல் எழுதிய நூலில் ஐயத்திலிருந்தே சிந்தனை பிறக்கிறது என்னும் கருத்தை விரித்துரைத்தார். டொனால்ட் ஷோன் 1983-இல், தொழில் புரிவோர் செயலின் நடுவிலேயே சிந்திப்பதையும், செயல் முடிந்த பின் அதைப் பற்றிச் சிந்திப்பதையும் பிரித்துக் காட்டினார். மருத்துவத்துக்கு இவர்கள் இருவரையும்விட நெருங்கியவர் ஹங்கேரியில் பிறந்து இலண்டனில் வாழ்ந்த மைக்கேல் பாலின்ட். அவர் பொது மருத்துவர்கள் சிலரை டாவிஸ்டாக் மருத்துவ நிலையத்தில் தொடர்ந்து கூட்டி, ஒவ்வொருவரும் தம்மை உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு நோயாளியைப் பற்றிக் குறிப்பேடு இல்லாமல் நினைவிலிருந்து பேசச் செய்து, அச்சம்பாஷணையின் பயனை 1957-இல் நூலாக்கினார். விரிவுரை இல்லை, தேர்வு இல்லை; சக மருத்துவர்களின் காதுகள் மட்டுமே இருந்தன. உலகின் பல நாடுகளில் இன்றும் அவர் பெயரால் அக்குழுக்கள் கூடுகின்றன.

நம் நாட்டில் ஆசான் பரம்பரை இல்லாமல் இல்லை. 1835-இல் தொடங்கிய சென்னை மருத்துவக் கல்லூரியின் பெருமையே அதன் படுக்கையோரப் போதனையில் இருந்தது. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் போதித்த கே. வி. திருவேங்கடத்தை அவருடைய மாணவர்கள் ‘கே.வி.டி.’ என்றே இன்றும் வாஞ்சையோடு குறிப்பிடுவதைக் கேட்டவர்களுக்கு, நல்லாசிரியர் ஒருவர் எத்தனை தலைமுறைக்குக் கை கொடுக்கிறார் என்பது விளங்கும். ஆயினும் அந்த முறையில் ஒரு கரும்பகுதியும் இருந்தது. ரவுண்ட்ஸ் வரும் சீஃபின் பின்னால் இருபது பேர் நிற்க, நோயாளியின் முன்னிலையிலேயே ஹவுஸ் சர்ஜன் ஒருவர் கேலிக்குள்ளாவது சகஜம். அவமானத்தால் கற்றது மறக்காது என்று அதற்கொரு நியாயமும் சொல்லப்படும். மறக்காது என்பது மெய்யே. ஆனால் அப்படிக் கற்றவர் அடுத்த முறை கற்பது பிழையை மறைக்கும் வித்தையைத்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவை அழித்துவிட்ட போதனை, எவ்வளவு அறிவை ஊட்டினாலும் நஷ்டக் கணக்கே.

இவ்விஷயத்தில் தமிழ்நாட்டில் ஒரு ஸ்தாபனம் வேறு வழியில் நடந்து பார்த்திருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் கதை ஒருவகையில் நம் பழைய தென்னாற்காட்டிலேயே தொடங்குவது. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று இளம் தாய்மார், ஆண் மருத்துவரைப் பார்க்க வீட்டார் இசையாமையால் பிரசவத்தில் மாண்டதைக் கண்ட ஐடா ஸ்கடர், அமெரிக்கா சென்று 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு வேலூருக்குத் திரும்பினார். மருத்துவரான தந்தை ஜான் ஸ்கடரின் அருகில் இருந்து சில காலம் பழகிக்கொள்ளலாம் என்று வந்தவருக்குச் சில மாதங்களுக்குள்ளேயே தந்தை காலமானார். அனுபவமற்ற இளம் மருத்துவர், வழிகாட்ட எவருமின்றி, மொழியும் முற்றிலும் வசப்படாத நிலையில் நோயாளிகளின் முன் நின்ற அத்தனிமைதான் அவருக்கு வாய்த்த தொடக்கம். 1918-இல் பெண்களுக்கென்று அவர் தொடங்கிய மருத்துவப் பள்ளி 1942-இல் எம்.பி.பி.எஸ். கல்லூரியாகி, 1947-இல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது.

அக்கல்லூரியின் சில வழக்கங்கள் ஆராயத்தக்கவை. முதலாண்டிலேயே மாணவர்கள் சில வாரங்கள் ஒரு கிராமத்தில் தங்கி, வீடு வீடாகச் சென்று, அங்குள்ளோர் எதை உண்கிறார்கள், எதனால் நோயுறுகிறார்கள் என்பதைக் கேட்டறிகிறார்கள். ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆசிரியரின் குடும்பத்தோடு வளர்ப்புப் பிள்ளை போல இணைக்கப்படுகிறார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் கிடைக்கிற அந்த உறவு, பாடத்திட்டத்தில் எந்தத் தாளிலும் மதிப்பெண் பெறாதது. எல்லாவற்றிலும் விசேஷமானது, திருச்சபைகளின் சிபாரிசில் சேர்ந்த மாணவர்கள் பட்டம் பெற்ற பின் இரண்டாண்டுகள் மிஷன் மருத்துவமனைகளில், பெரும்பாலும் நாட்டின் உட்பகுதிகளில், சேவை செய்ய வேண்டும் என்ற நிபந்தனை.

இந்நிபந்தனை மிகப் பழையது. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் இளைஞர்கள் படும் தனிமையை ஒரு கல்விப் பிரச்சினையாகக் கண்டுகொண்டது இந்த நூற்றாண்டில்தான். ‘செகண்டரி ஹாஸ்பிடல் மெடிசின் ஃபெலோஷிப்’ என்ற பெயரில் ஓராண்டுத் தொலைநிலைப் பயிற்சி ஒன்றைக் கல்லூரி அவர்களுக்காக வகுத்தது. சிறு மருத்துவமனையில் அன்றாடம் எதிர்ப்படும் நோய்களை ஒட்டியே எழுதப்பட்ட பாடங்கள் அவர்கள் இருக்குமிடத்துக்கே சென்றன. இடையிடையே வேலூருக்கு வந்து கூடினார்கள். ஒவ்வொருவரும் தம் மருத்துவமனையின் ஒரு பிரச்சினையை எடுத்து ஆராய்ந்தார்கள். ஒத்த வயதினர் ஒருவரோடொருவர் தொடர்பு வைத்துக்கொள்ள ஏற்பாடு இருந்தது. ஆசிரியர்களும் அவர்கள் வேலை செய்யும் இடங்களுக்கே சென்று பார்த்தார்கள். பேராசிரியர் மாணவரைத் தேடிப் போவது என்ற இந்த ஓர் அம்சத்துக்காகவே அத்திட்டத்தைப் போற்றலாம். ஏனெனில், சத்தீஸ்கரிலோ ஜார்க்கண்டிலோ ஒரு சிறு ஆஸ்பத்திரியின் மின்வெட்டையும் மருந்தலமாரியையும் தம் கண்ணால் கண்ட பேராசிரியர், ‘சி.டி. ஸ்கேன் எடுத்திருக்கக் கூடாதா?’ என்று அதன் பிறகு கேட்கமாட்டார். பொது மருத்துவர்களுக்கென்று அதே கல்லூரி நடத்தும் குடும்ப மருத்துவப் பட்டயப் படிப்பும், குறைவாக அனுப்பி நிறையத் தீர்த்து வைப்பது என்பதையே தன் இலட்சிய வாசகமாகக் கொண்டிருக்கிறது.

வழிகாட்டுதல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு, இத்திட்டங்களுக்கெல்லாம் முந்தியதாக, வேலூரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1946-இல் அங்கே வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் அழுகி விழுகின்றன என்ற அக்காலத்து நம்பிக்கையை ஏற்றுக்கொண்டிருக்கலாம். துருப்பிடித்த பூட்டொன்றை அவரால் திறக்க முடியாதிருந்தபோது, நோயுற்ற ஒரு சிறுவன் அநாயாசமாகத் திருகித் திறந்ததையும், திறந்த விரலில் சதை கிழிந்து இரத்தம் வடிவதை அவன் உணராமலே நின்றதையும் கண்டு, அதைக் கடந்து போய்விடாமல் நின்று யோசித்ததால்தான், வலி தெரியாமையே விரல்களைத் தின்கிறது என்ற முடிவை நோக்கி அவர் நகர்ந்தார். இவ்வாறு தாமே சிந்திக்கத் தெரிந்தவரிடம் பயின்றவர்களுள் ஒருவர் மேரி வர்கீஸ். மகப்பேற்று மருத்துவராக வேண்டுமென்று விரும்பிய அந்த இளம் பெண் 1954-இல் வாகன விபத்தொன்றில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே இயக்கமற்றுப் போனார். அவருடைய மருத்துவ வாழ்வு முடிந்தது என்றே எவரும் எண்ணியிருப்பர். கை அறுவை உட்கார்ந்தபடியே செய்யத்தக்கது என்பதைச் சுட்டிக்காட்டி, சக்கர நாற்காலியிலிருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்செய்யும் கலையில் அவரை ஈடுபடுத்தியவர் பிராண்ட். பின்னர் அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பிய மேரி வர்கீஸ், 1963-இல் வேலூரில் அத்துறையின் தலைமையை ஏற்றார். 1966-இல் அதற்கெனத் தனி நிலையமும் எழுந்தது. பிராண்ட் அவருக்கு அனுதாபமும் காட்டியிருப்பார், தைரியமும் சொல்லியிருப்பார். ஆயினும் அவற்றைவிடப் பெரிதாக, சிஷ்யையின் நிலைமையை அவரைக் காட்டிலும் தெளிவாகப் பார்த்து, செய்யக்கூடிய ஒரு வேலையை அவர் கையில் கொடுத்தார். ஆசானுடைய கடமையை இதைவிடச் சுருக்கமாக வரையறுக்க எனக்குத் தெரியவில்லை.

இப்போது பாடத்திட்டம் எழுதுகிறவர்களும் இதை உணர்ந்திருக்கிறார்கள் என்பதற்கு அடையாளங்கள் உண்டு. 2019-இல் இந்தியா முழுவதும் வந்த திறன்சார் பாடத்திட்டம், மனப்பான்மை, அறநெறி, உரையாடல் ஆகியவற்றுக்குத் தனிப் பகுதி ஒதுக்கி, மாணவர்கள் தங்கள் அனுபவத்தைப் பற்றிய சிந்தனைக் குறிப்புகளை லாக் புத்தகத்தில் எழுத வேண்டும் என்று விதித்தது. நல்ல விதி. ஆனால் எழுதிய குறிப்பை வாசித்துப் பேச ஒருவர் இல்லாதபோது, ‘இந்நிகழ்ச்சியிலிருந்து பொறுமையின் அவசியத்தை உணர்ந்தேன்’ என்ற ஒரே வாக்கியம் வகுப்பு முழுவதும் நகல் எடுக்கப்படும், கையெழுத்தும் விழும், பரிசோதனைக்கு வரும் அதிகாரியும் திருப்தியுடன் போய்விடுவார். மனச்சாட்சியைப் படிவமாக அச்சிட்டுக் கொடுத்தால் அது படிவமாகவே நிரப்பப்படும்.

இன்னொரு தடை அச்சம். தமிழ்நாட்டில் தாய்மார் மரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராயும் வழக்கம் 1990-களிலிருந்தே வேரூன்றியது. பிரசவ மரணங்கள் குறைந்ததில் அதற்கும் பங்குண்டு. ஆயினும், மாவட்ட நிர்வாகத்தின் முன்னிலையில் விளக்கம் கூற அழைக்கப்படும் இளம் மருத்துவர், அதைக் கற்றுக்கொள்ளும் சந்தர்ப்பமாகக் கருதுவாரா, விசாரணைக் கூண்டாகக் கருதுவாரா? கேரளத்தில் மகப்பேற்று மருத்துவர் சங்கம் 2004-இல் தொடங்கிய இரகசிய ஆய்வில் நோயாளியின் பெயரும் மருத்துவரின் பெயரும் மருத்துவமனையின் பெயரும் நீக்கப்பட்டே விவரங்கள் பரிசீலிக்கப்படுகின்றன. யார் குற்றவாளி என்பது அங்கே கேள்வியே அன்று. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 2011-இல் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்த வழக்கில், பயிற்சியிலிருந்த ஒரு மருத்துவர் 2015-இல் தண்டிக்கப்பட்டு, 2018 ஜனவரியில் மருத்துவப் பதிவையும் இழந்து, அவ்வாண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டில் அதை மீளப் பெற்றார். தம் பிழையைப் பற்றித் தாமே எழுதும் சிந்தனைக் குறிப்புகள் நாளை நீதிமன்றத்தில் தமக்கெதிராக வாசிக்கப்படுமோ என்ற பீதி அந்நாட்டு இளம் மருத்துவர்களிடையே அப்போது பரவியது. அச்சம் புகுந்த இடத்தில் சிந்தனை நிற்பதில்லை என்பதற்கு இது போதிய சாட்சியம்.

நம் ஊர்ப்பக்கம் இச்சிந்தனைக்கு வேறொரு போட்டியாளரும் இருக்கிறார்: முதுநிலை நுழைவுத் தேர்வு. முதுநிலைப் படிப்பில் அரசுப் பணியிலுள்ள மருத்துவர்களுக்கு மாநில இடங்களில் 50 சதவீதம் ஒதுக்கப்பட்டிருப்பது கிராமச் சேவைக்கு ஆள் கிடைக்கச் செய்த நல்ல ஏற்பாடே. ஆனால் சுகாதார நிலையத்தில் ஓய்வாகக் கிடைக்கும் மாலைப் பொழுதுகள், அன்று காலை வந்த நோயாளிகளைப் பற்றி யோசிப்பதில் கழியாமல், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சியில் கழிகின்றன. அவர்களைக் குறை கூறுவது அநியாயம். யோசனைக்கு மதிப்பெண் இல்லாத உலகத்தில் மதிப்பெண் உள்ள காரியத்தையே இளைஞர்கள் செய்வர்.

குறிஞ்சிப்பாடி வட்டாரத்தைப் பொறுத்தவரை, வேலூர் செய்ததைச் செய்து பார்ப்பதற்குத் தேவையானவை ஏறக்குறைய எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1985-இல் நிறுவிய இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இன்று அரசு மருத்துவக் கல்லூரியாகிவிட்டது. ஆகவே ஆசிரியர்களும் சுகாதார நிலைய மருத்துவர்களும் ஒரே அரசாங்கத்தின் ஊழியர்கள். நெய்வேலியில் நிலக்கரி நிறுவனத்தின் பொது மருத்துவமனை இருக்கிறது. 2020 மே மாதத்திலும் ஜூலையிலும் அனல் மின் நிலையத்தின் கொதிகலன்கள் வெடித்துத் தொழிலாளர்கள் மாண்ட விபத்துகளைக் கண்ட அவ்வூரில், தீக்காயத்தின் முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கத் தகுந்தவர்கள் இருப்பர். கடலூரிலும் நெய்வேலியிலும் ஓய்வு பெற்ற மருத்துவர்களுக்கும் பஞ்சமில்லை.

புதிதாக வரும் ஒவ்வொரு மருத்துவருக்கும் ஒரு மூத்தவரைப் பெயர் குறித்து இணைத்துவிட வேண்டும். மாதம் ஒரு முறை அரை நாள், அதுவும் பணி நேரமாகவே கணக்கிடப்பட்டு, மூத்தவர் இளையவரின் சுகாதார நிலையத்துக்கு வந்து, அவர் மனத்தை விட்டு அகலாத இரண்டு மூன்று நோயாளிகளைப் பற்றிப் பேசக் கேட்க வேண்டும். அப்பேச்சின் ஓர் எழுத்தும் பணிப்பதிவேட்டில் ஏறக் கூடாது. ஆதலால் அந்த மூத்தவர், இடமாற்றத்துக்கும் குற்றக்குறிப்பாணைக்கும் அதிகாரம் பெற்ற மாவட்டச் சுகாதார அலுவலராக இருப்பது எக்காரணம் கொண்டும் பொருந்தாது. மேற்பார்வையும் வழிகாட்டுதலும் ஒரே நாற்காலியில் அமர்ந்தால் மேற்பார்வைதான் பேசும். கடலூரும் சிதம்பரமும் தமக்கு அனுப்பப்பட்ட ஒவ்வொரு நோயாளியின் முடிவையும் நான்கு வரியில் எழுதி, அனுப்பிய மருத்துவருக்குத் திருப்பியனுப்புவதைக் கட்டாயமாக்க வேண்டும். கைப்பேசியில் நொடியில் செய்யக்கூடிய இக்காரியம் இன்னும் வழக்கத்துக்கு வராதிருப்பதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

இவற்றுக்குப் புதிய சட்டமோ பெருநிதியோ வேண்டியதில்லை. மாவட்ட அளவில் ஓர் உத்தரவும், சிதம்பரம் கல்லூரி முதல்வரின் சம்மதமும் போதும். நாற்பதாண்டு வைத்தியம் பார்த்துவிட்டு இன்று கடலூரிலோ நெய்வேலி டவுன்ஷிப்பிலோ ஓய்வாக இருக்கும் மருத்துவர்கள் இதை வாசிக்க நேர்ந்தால், அவ்வுத்தரவு வரும் வரை காத்திராமல், தங்களுக்கு அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கு ஒரு நாள் பிற்பகல் சென்று, அங்கிருக்கும் இளைஞரை ‘இந்த வாரம் எந்தக் கேஸ் உங்களைத் தூங்க விடவில்லை?’ என்று கேட்டுப் பார்க்கும்படி வேண்டிக்கொள்கிறேன்.